யாருடைய கடன்?

(பாளையம்பட்டியில் ஓர் உபதேசியாரும், அவரிடம் விவிலியம் படிக்கும் இளைஞனும்.)

சீடன்: ஐயா, அக்கா வீட்டு மச்சான் விசைத்தறி வாங்க லோன் போடுகிறார். ஜாமீன் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரமோ, வேடனிடம் சிக்கிய மான் போலத் தப்பி ஓடச் சொல்கிறது.

குரு: இருபத்திரண்டாம் அதிகாரத்தையும் பார். கட்ட வழியில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையே போய்விடும்.

சீடன்: அப்படியானால் யூதா? தம்பி பென்யமினுக்குத் தன்னையே பிணை வைத்தவனை யாரும் மூடன் என்று சொல்லவில்லையே.

குரு: திருடியதாகச் சொல்லப்பட்ட வெள்ளிக் கிண்ணம் தம்பியின் சாக்கில் அகப்பட்டதும் யூதா என்ன செய்தான்? அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றான். அப்பாவிடம் வாக்குக் கொடுத்த அன்றே அதைத் தன் கடனாக எடுத்துக்கொண்டவன் அவன். நம்மூரில், 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்றல்லவா போடுகிறார்கள்!

சீடன்: மச்சான் கட்டாவிட்டால் வங்கி முதலில் அவரைத்தானே பிடிக்கும்?

குரு: பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவைப் படி. வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரிடம் வசூலித்துவிட்டு என்னிடம் வா என்று சொல்ல முடியாது; பீகார் வங்கி – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நீ கட்டியதை மச்சானிடம் திரும்பக் கேட்க 145ஆம் பிரிவு இடம் தருகிறது. அக்கா வீட்டுக்காரர் மேல் கேஸ் போடுவாயா?

சீடன்: எப்படிப் போடுவது? ஆனால் எல்லாரும் இப்படிச் சட்டம் பேசினால், நிலமோ நகையோ இல்லாத நெசவாளிக்கு யார் கடன் தருவார்? திருச்சுழிப் பக்கம் மானாவாரிக்காரன் கதியும் அதுதானே.

குரு: நியாயமான கேள்வி. சீராக் நூலும் அதை யோசித்திருக்கிறது. நல்ல மனிதன் அடுத்தவனுக்குப் பிணை நிற்பான் என்கிறது. பிணையால் கெட்டவர்கள் பலர் என்கிறது. முடிந்த மட்டும் உதவு, நீ விழுந்துவிடாதே என்கிறது. பவுல், அடிமை ஒனேசிமுக்காக அவனுடைய எஜமான் பிலமோனுக்கு எழுதியபோது, அவன் பட்ட கடனை என் கணக்கில் வை, நானே தருகிறேன் என்றார். அவன் தராவிட்டால் பார்க்கலாம் என்ற பேச்சே அதில் இல்லை.

சீடன்: இப்போது நான் போடவா, வேண்டாமா?

குரு: அந்தத் தொகையை உன் கைக்காசாகவே கொடுப்பாயா?

சீடன்: அவ்வளவுக்கு ஏது? கால்வாசி முடியும்.

குரு: கால்வாசியைக் கொடு. திரும்பி வந்தால் வரட்டும்.

சீடன்: அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

குரு: ஆக, கடனைவிட அக்காவுக்குத்தான் நீ பயப்படுகிறாய். அந்தப் பயத்தில் போடும் கையெழுத்தைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவளிடம் நீயே நேரில் போய்ச் சொல். மச்சான் வாய் வழியாகப் போகவிடாதே.