பாட்டுக்குத் தேய்மானம் உண்டா?

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறீர்கள். வருடம் பத்தாயிரம் ரூபாய் கழித்துக்கொண்டே வந்தால், பத்தாவது வருடம் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றிப் புத்தகத்துக்குக் கவலையில்லை.

இந்தக் கணக்கை மெஷினுக்குப் போடுவதில் தப்பில்லை. நாம் மனிதர்களுக்கும் போடுகிறோம். குறிப்பாக, நமக்குப் பிடித்த கலைஞர்களுக்கு.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். திராட்சைத் தோட்டமும், மேற்கிலிருந்து இறங்குகிற சாரலும், விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறும் ஜீப்புகளுமாக இருக்கும் பள்ளத்தாக்கு. எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இளையராஜா கேட்கும். கூடவே ஒரு குரலும் கேட்கும்: “எண்பதுகள்ல போட்டாரு பாருங்க, அதோட சரி!”

சொல்கிறவருக்கு அவர் அந்நியர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர். பண்ணைப்புரம். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. பிறகு ஆயிரம் படங்களுக்கு மேல். 2005-ல் திருவாசகத்துக்கு இசையமைத்தார். ‘தாரை தப்பட்டை’யின் பின்னணி இசைக்குத் தேசிய விருது வாங்கியபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது 81. ஆனால் டீக்கடைக் கணக்குப் புத்தகத்தில் அவருக்கு 1990-லேயே தேய்மானம் கழித்து முடித்தாகிவிட்டது.

ஏன் இப்படி?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘பழைய மாதிரி ஒரு பாட்டு வரமாட்டேங்குதே’ என்று சொல்லும்போது நாம் உண்மையில் கேட்பது பாட்டையா? பழைய பாட்டுதான் அப்படியே இருக்கிறதே, யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லையே! நாம் கேட்பது, அதை முதலில் கேட்டபோது நமக்கிருந்த வயதை. சைக்கிளை, மீசை முளைத்த வருடத்தை, பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு தாவணியை. அதைத் திருப்பித் தர எந்த இசையமைப்பாளராலும் முடியாது. தர முடியாததைக் கேட்டுவிட்டு, தரவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. இங்கிலாந்தில் ‘தி க்யூர்’ என்று ஒரு ராக் குழு. எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. அந்த வகையை கோதிக் ராக் என்பார்கள். கறுப்பு உடை, கலைந்த தலை, மரணம், தனிமை, இருட்டு. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் எழுதிப் பாடினார். இருபது வயதில் ஒருவர் சாவைப் பற்றிப் பாடினால் அதில் பாதி கற்பனைதான். 2008-க்குப் பிறகு பதினாறு வருடம் புது ஆல்பமே வரவில்லை. ‘அவ்வளவுதான்’ என்று எத்தனை பேர் கணக்கை முடித்திருப்பார்களோ! 2024 நவம்பரில் ஒன்று வந்தது. பிரிட்டனில் முதலிடம். அதில் ஒரு பாட்டு, இறந்துபோன தன் அண்ணனைப் பற்றியது. 65 வயதில், கற்பனை தேவைப்படாத ஒரு துக்கத்தை அவர் பாடினார்.

அண்ணன் என்றதும் இளையராஜாவின் அண்ணன் ஞாபகம் வருகிறது. பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடிய மனிதர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த நம் ஜனங்களிடையே போய்ப் பாடினார். தம்பிகள் கச்சேரி கற்றுக்கொண்டது அவருடைய குழுவில்தான். ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சீக்கிரம் போய்விட்டவரை நாம் எதுவும் சொல்வதில்லை. ‘இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்’ என்கிறோம். கூடவே இருந்து, வேலை செய்துகொண்டே வயதாகிறவரைத்தான் ‘இன்னும் ஏன்?’ என்று கேட்கிறோம். இறந்தவருக்குக் காட்டும் தாராளம் இருப்பவருக்கு இல்லை. இது நியாயமா?

உடனே ஒரு கேள்வி வரும். ‘அதுக்காக, பெரியவர் எது பண்ணாலும் கைதட்டணுமா?’

வேண்டாம். ஐம்பது வருட வேலையில் சுமாரானதும் இருக்கும், சொதப்பலும் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அது ஒரு பாட்டைப் பற்றிய தீர்ப்பு. ‘இந்த ஆள் முடிஞ்சுட்டார்’ என்பது வேறு. அது ஒரு மனிதரின் கணக்கையே மூடுவது. முதலாவதைச் சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு. இரண்டாவதற்கு எந்த ரசிகனுக்கும் அதிகாரம் இல்லை. ஏனென்றால் நாளைக் காலையில் அவர் என்ன செய்யப்போகிறார் என்று நமக்குத் தெரியாது.

2024 ஜனவரியில் மகள் பவதாரிணியை இதே பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து, லோயர் கேம்ப்பில் அடக்கம் செய்தார்கள். ‘பாரதி’ படத்தில் அப்பாவின் மெட்டைப் பாடித் தேசிய விருது வாங்கிய பெண். அடுத்த வருடமே அந்தத் தகப்பன் லண்டன் மேடையில் நின்றார். அந்த சிம்பொனி நமக்குப் புரிகிறதா, பிடிக்கிறதா என்பது அப்புறம். எழுந்துபோய் நின்றாரே, அதற்கு எந்த முறையில் தேய்மானம் போடுவீர்கள்?

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமா சின்னதாக ஒரு லைட் மியூசிக் குழு வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் கச்சேரி. ராஜா பாட்டு என்றால் மாமாதான். 1998-ல் ஒரு சித்திரைத் திருவிழா. மாமாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கச்சேரி நடுவில், “இது நானே எழுதி மெட்டுப் போட்டது” என்று கூச்சத்தோடு சொல்லி ஒரு பாட்டை ஆரம்பித்தார். செத்துப்போன எங்க அம்மாச்சியைப் பற்றிய பாட்டு. கூட்டத்தில் விசில். “ராஜா பாட்டு பாடுய்யா!” என்று சத்தம்.

மேடைக்கு நேயர் விருப்பச் சீட்டுகள் போகும், ஞாபகமிருக்கிறதா? நானும் ஒன்று எழுதினேன். சிநேகிதர்கள் முன்னால் கெத்து. ‘சொந்தச் சரக்கு வேண்டாம். பழசையே பாடவும்.’ பெயர் போடவில்லை.

மாமா சீட்டைப் பிரித்தார். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, கேட்டதைப் பாடினார். நல்ல கைதட்டல். அதற்குப் பிறகு ஒருபோதும் அவர் சொந்தப் பாட்டை மேடையேற்றவில்லை. கொஞ்ச வருடத்தில் குழுவும் கலைந்தது.

எனக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். என் கையெழுத்து அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லண்டன் சிம்பொனிச் செய்தியைப் படித்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, “மாமா, அன்னைக்குப் பாதியில விட்டீங்களே, அம்மாச்சி பாட்டு... மீதி என்ன மாமா?” என்று கேட்டேன்.

மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை. சிரிப்புமில்லை.

“மறந்து போச்சு மாப்ள” என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இருப்பார். பாடுகிறவரோ, எழுதுகிறவரோ, புதிதாக ஒரு குழம்பு வைத்துப் பார்க்கிற அத்தையோ. சட்டைப்பையில் சீட்டோடு. அவர் மறந்துபோவதற்குள் ஒருதரம் கேட்டுவிடுங்களேன்.