வாசியாத தீர்ப்பு

ஒரு விஞ்ஞானியின் உழைப்பை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? இவ்வினாவுக்கு நமது காலம் இலகுவானதொரு விடையை வைத்திருக்கிறது. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிவிட்டாற் போதும் என்பதே அவ்விடை. பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் பல நாடுகளில் இவ்வெண்களை நோக்கியே வழங்கப்படுகின்றன. இது நீதியா? பிறப்புரிமையியலின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். மேற்கோள்களை எண்ணும் முறையின் பிறப்போடு அத்துறைக்கு நெருங்கிய தொடர்புண்டு.

1955 இல் அமெரிக்கரான யூஜீன் கார்பீல்ட் விஞ்ஞானத்துக்கு ஒரு மேற்கோட் சுட்டி வேண்டுமென்று எழுதினார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கே ஏற்றனர், எங்கே மறுத்தனர் என்பதை ஆய்வாளர் அறிதல் வேண்டும். பிழையான தரவுகள் ஆராயப்படாமலே கைமாறிச் செல்வது தடுக்கப்படல் வேண்டும் என்பது அவர் நோக்கம். பிறப்புரிமையியலாளரான ஜோசுவா லெடர்பேர்க் அவருக்கு ஊக்கமளித்தார். 1963 இல் பிறப்புரிமையியலுக்கென ஒரு சுட்டியும், 1964 இல் விஞ்ஞானத் துறைகள் பலவற்றுக்குமான சுட்டியும் வெளிவந்தன. வாசிப்புக்கு வழிகாட்டியாகத் தோன்றிய இச்சுட்டி, நாளடைவில், வாசியாமலே தீர்ப்பளிக்கும் தராசாயிற்று. ஒருவரது வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரேயோர் எண்ணில் அடக்கும் சூத்திரத்தை 2005 இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்தார். குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருப்பின், அவ்வாய்வாளரின் எண் 20 ஆகும்.

இத்தராசில் கிரெகர் மெண்டலை நிறுத்துப் பார்ப்போம். ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1866 இல் அச்சாயிற்று. 1900 வரை அதனை மேற்கோள் காட்டியோர் மிகச் சிலரே. அவரோ 1884 இலேயே இறந்துவிட்டார். ஈற்றிலேனும் காலம் நீதி வழங்கியதே என்பர் சிலர். 16 ஆண்டுகள் பிந்தி வந்த நீதி வரலாற்றாசிரியனுக்கு உதவலாம். உயிரோடிருக்கும் ஆய்வாளருக்கு உதவாது.

பார்பரா மக்கிளின்டொக் அம்மையாரின் கதை இதனினும் சிந்திக்கத்தக்கது. நிறமூர்த்தத்தில் இடம்பெயரும் கூறுகள் உண்டென்று சோளப் பயிரில் அவர் கண்டதை 1950 இலும் 1951 இலும் வெளியிட்டார். சகவிஞ்ஞானிகளுட் பலர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். சில ஆண்டுகளில், முன்னணிச் சஞ்சிகைகளில் அதுபற்றி எழுதுவதை அவர் பெரிதும் நிறுத்திக்கொண்டார், ஆய்வை நிறுத்தவில்லை. கார்னகி நிறுவனம் ஊதியமும் சோளம் பயிரிட நிலமும் தொடர்ந்து வழங்கியது. 1983 இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 81. அவரது மேதைமையைப் போற்றுவோர் அந்த ஊதியத்தையும் நிலத்தையும் மறத்தலாகாது. ஆண்டுதோறும் எண்ணிக்கை கேட்டிருந்தால் அச்சோள வயல் எஞ்சியிருக்குமா?

மறுபுறம், உலகில் மிகக் கூடுதலாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை, புரதத்தை அளவிடும் ஒரு முறைபற்றி 1951 இல் லௌரியும் பிறரும் எழுதியது. 3 இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களை அது பெற்றுள்ளது. அது பயனுள்ள கட்டுரை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கருவி எத்தனை கைகளிற் புழங்கியது என்பதை அவ்வெண் கூறுமேயன்றி, உயிரைப்பற்றிய நம் அறிவு எவ்வளவு ஆழமாயிற்று என்பதைக் கூறாது.

இங்கு நேர்மையானதொரு மறுப்பு எழும். எண்ணிக்கை இல்லையேல் பேராசிரியரின் தயவும் குலமும் செல்வாக்குமே ஆட்சி செய்யும். எண்ணுக்கோ முகதாட்சணியமில்லை என்பதே அது. இம்மறுப்பை நாம் தட்டிக்கழிக்க முடியாது. சோவியத் ஒன்றியத்திலே, உலகப் பயிர் விதைகளைத் தேடிச் சேர்த்த வவிலோவ் 1940 இல் கைதாகி, 1943 இல் சிறையில் மாண்டார். அரசின் ஆதரவு லைசென்கோவுக்கு இருந்தது. 1948 இல் பிறப்புரிமையியலே அங்கு விலக்கப்பட்டது. முற்போக்காளர் இதனை மறைப்பது அறமாகாது.

ஆனால் அக்கொடுமையின் வேர் எது? சான்றுகளை வாசித்துச் சோதிக்கக்கூடியோரிடமிருந்து தீர்ப்பு பறிக்கப்பட்டு அதிகாரத்திடம் ஒப்படைக்கப்பட்டமையே. இன்று அத்தீர்ப்பு சந்தையிடம் ஒப்படைக்கப்படுகிறது. சிறையையும் சந்தையையும் நாம் சமனாக்கவில்லை. எனினும் வாசியாமல் வழங்கப்படும் தீர்ப்பு என்ற குற்றம் இரண்டுக்கும் பொது. மேற்கோள்களை எண்ணும் பெருஞ் சுட்டிகளுள் ஒன்று கிளாரிவேட் கம்பனியின் உடைமை. மற்றொன்று சஞ்சிகைகளை வெளியிட்டு விற்கும் எல்செவியருடையது. பண்டம் விற்பவனே படிக்கல்லையும் வைத்திருக்கிறான்!

இதனை விஞ்ஞானிகளும் உணராமலில்லை. சஞ்சிகையின் மேற்கோட் சராசரியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது, ஆய்வின் உள்ளடக்கத்தையே நோக்கவேண்டும் என்று கோரும் சான் பிரான்சிஸ்கோப் பிரகடனம் 2013 இல் வெளியாயிற்று.

நியமனமும் நிதியும் முடிவுசெய்யப்படும்போது, ஆய்வை வாசித்தோர் தம் தீர்ப்பையும் அதற்கான நியாயங்களையும் எழுத்தில் வைக்கட்டும்; பிறர் அவற்றை வெளிப்படையாக மறுக்கட்டும். தயவுக்கும் எண்ணுக்கும் மாற்று இதுவே. இதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும். அச்செலவைச் சமூகம் ஏற்றேயாகவேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் புள்ளிகளின் கூட்டுத்தொகையையே மாணவனாகக் காணும் ஆபத்துக்கு உட்பட்டவர்களே. எண் வழி காட்டட்டும், தீர்ப்பு வாசித்தவனுடையதாகட்டும்.