குழந்தையின் சுவரில் ஒரு படம்

தம் குழந்தை உறங்கும் அறைக்கென்று ஓவியர் ஒருவரைத் தேடிச் சென்று, இன்ன அளவில், இன்ன வண்ணத்தில், இன்ன உருவம் வேண்டும் என்று சொல்லிக் கித்தானில் படம் எழுதுவித்து மாட்டும் வழக்கம் இன்று நம் ஊர்களில் பரவி வருகிறது. பிரியத்தால் செய்யப்படும் இந்தக் காரியத்துக்குள், ஆலயத்தில் விக்கிரகம் பிரதிஷ்டை செய்தவர்கள் காலங்காலமாகச் சிந்தித்து வந்த பிரச்சினை ஒன்று அடங்கியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனக்கு எது வேண்டும் என்று சொல்ல இன்னும் வாய் திறவாத ஒரு ஜீவனின் கண்முன், விழிக்கும்போதும் உறங்கப்போகும்போதும் விலகாமல் நிற்கும்படி ஓர் உருவத்தை நிறுத்திவைக்க நமக்கு அதிகாரம் உண்டா? உண்டென்றால் அதன் எல்லை எது?

சேர்வராயன் மலையில் நிற்பவனுக்கு இந்த வினா எளிதில் எழும். ஏற்காட்டிலிருந்து மேலே ஏறிச் சென்றால், 5,326 அடி உயரத்தில், செம்மண் படர்ந்த விசாலமான சமவெளியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. அங்கே குகையே கர்ப்பக்கிருகம். குனிந்து உள்ளே நுழைந்து, வெளியிலே பட்ட வெயில் கண்ணை விட்டு நீங்கும்வரை சற்றுப் பொறுத்து நின்றால்தான், விளக்கின் சிறு வெளிச்சத்தில் சேர்வராயரும் காவேரி அம்மனும் மெல்லத் தென்படுவார்கள். மே மாதத்துத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலையாளிகள் — பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது, இவர்கள் இம்மலைக்கே உரிய பழங்குடி மக்கள் — தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது இருள், உருவம் பிறகு. அதையும் யாரும் சுட்டிக்காட்டுவதற்கு முன்பாகப் பிள்ளையின் கண்ணே துழாவிக் கண்டுபிடித்துவிடுகிறது. சிதம்பரத்திலும் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகளும் அவற்றின் பின்னே வெட்டவெளியுமே காணப்படுகின்றன. காண்பவன் நிரப்பிக்கொள்வதற்கென்று இடம் விட்டுவைப்பது நம் சமயத்தின் மிக உயர்ந்த மரியாதைகளில் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

கோயிலுக்குக் கீழே, ஏற்காடு ஊருக்குள், நிலைமை வேறு. 1917-இல் தூய கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் போன்ற விடுதிப் பள்ளிகள் இருக்கும் ஊர் இது. பல மதத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உறங்கி எழும் ஊர். உருவ வழிபாட்டைப் பற்றி அப்பிள்ளைகளின் பாட்டன்மார் ஒரே கருத்துடையவர்களாக இருந்திருக்க முடியாது. படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தைக் கடந்து அதற்கு மூலமானவரைச் சேர்கிறது என்று கிறிஸ்தவப் பேரவை 787-இல் நிசேயாவில் தீர்மானித்தது. வைணவர்களோ அர்ச்சையில், அதாவது வழிபடும் விக்கிரகத்தில், பகவான் மெய்யாகவே வந்து தங்கி, அடியவன் நீராட்டினால் நீராடி, உடுத்தினால் உடுத்தி, அவனுக்கு வசப்பட்டு நிற்கிறான் என்பர். சைவ சித்தாந்தம் உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுத்து, லிங்கத்தை நடுவே வைத்தது. இஸ்லாம் தொழும் இடத்தில் உருவங்களை விலக்கி, எழுத்தழகையும் கொடியையும் கோணங்களையும் வளர்த்தது. முரண்பட்ட இந்நால்வரும் ஒன்றில் மட்டும் இசைகிறார்கள்: கண்முன் நிற்கும் உருவம் மனத்தை ஆக்கும் வல்லமையுடையது, ஆகவே அதை விளையாட்டாகக் கருதக்கூடாது.

அந்த வல்லமையை நன்கு உணர்ந்தவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, ரஃபேல் எழுதிய, நாற்காலியில் அமர்ந்து குழந்தையை அணைத்திருக்கும் மாதாவின் படப் பிரதி ஒன்றைச் சுவரில் மாட்ட அவர் தெரிந்தெடுத்தார். 1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்த காலத்தில் கோடைக்கானல் மலையில் வாசம் செய்த அந்த அம்மையார், குழந்தைக்கு எதையும் திணிக்கலாகாது என்று வாழ்நாள் முழுவதும் போதித்தவர். அவரே சுவரை வெறுமையாக விடவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர் தெரிந்தெடுத்த படம் குழந்தையைப் பார்த்து எதுவும் ஏவுவதில்லை. தாயின் மடியில் ஒரு பிள்ளை இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இத்தகைய படம் இல்லாமலில்லை. பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப்பொடிப் பசை பூசி, பொன்தகடு பதிக்கும் தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்க் கண்ணனை உற்றுப் பாருங்கள். சபையில் உள்ள எல்லாரையும்விடக் குழந்தையே பெரிய உருவம். சுற்றி நிற்கும் பெரியவர்கள் சிறுத்துத் தோன்றுகிறார்கள். தன்னைச் சுற்றியுள்ள யாவரும் நெடியவராகவே இருக்கும் உலகில் வாழும் ஒரு சிசுவுக்கு இதைவிட ஆறுதலான காட்சி எது? பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976), சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் சிலகாலம் வாழ்ந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலைகள் எழுதிய கையினாலேயே தெய்வங்களை எழுதினார்; அவை சிவகாசி அச்சில் நாட்காட்டிப் படங்களாகி, ஏழை வீட்டுச் சுவர்களையும் அலங்கரித்தன. தமிழ்க் குழந்தைகள் பலர் கண்ட முதல் ஓவியம் அவருடையதாகவோ அவர் சீடர்களுடையதாகவோ இருந்திருக்கும். கலை விமரிசகர்கள் இதை இன்னும் போதிய மதிப்போடு பேசவில்லை என்பது என் வருத்தம்.

இன்று சொல்லி எழுதுவிக்கப்படும் படங்களில் எனக்குக் கவலை தருபவை சில உண்டு. மூன்று வயதுப் பிள்ளையை விமானியின் உடுப்பிலும் வைத்தியரின் அங்கியிலும் எழுதச் சொல்வது, நிறைவேறாத நம் ஆசையைச் சுவரில் ஆணியடித்து, அதன்கீழ் அப்பிள்ளையைக் கிடத்துவது. அதைக்காட்டிலும் ஏற்காட்டின் கோடைமழைக்குப்பின் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து நிற்பதையோ, மூடுபனிக்குள் பாதி மறைந்த ஒரு காட்டெருதையோ, மீதிப் பாதியைப் பிள்ளையே கற்பனை செய்துகொள்ளும்படி எழுதித் தருகிற ஓவியர் அறிவுடையவர்.

நாம் மறந்துவிட்ட மற்றொரு தர்மமும் இருக்கிறது. களிமண் பிள்ளையாரில் ஆவாகனம் செய்பவன், பூசை முடிந்ததும் யதாஸ்தானம் செய்து நீரில் கரைக்கிறான். அழைப்பதற்கு மந்திரம் இருப்பதுபோலவே அனுப்பி வைப்பதற்கும் மந்திரம் இருக்கிறது; உருவத்தை உண்டாக்கிய பக்தியே அதை விட்டுவிடவும் கற்றுக்கொடுக்கிறது. என் கேள்விக்கு நான் காணும் விடை இதுவே. குழந்தையின் கண்முன் உருவம் நிறுத்தும் அதிகாரம் பெற்றோருக்கு உண்டு. அதை விசர்ஜனம் செய்யும் அதிகாரம் குழந்தைக்கு உண்டு. நான்கு வயதில் யானைப் படத்தை நேசித்த பிள்ளை ஒன்பது வயதில் அதைக் கழற்றச் சொன்னால், அது நன்றிகேடு ஆகாது. படம் தன் பணியை முடித்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

ஓவியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழந்தை தொட்டுப் பார்க்கும், நக்கியும் பார்க்கும். ஈய வெள்ளை போன்ற நச்சு வண்ணங்களை அதன் அறைக்குள் கொண்டுவராமலிருப்பது அகிம்சையின் முதற்படி. மலையூர் ஈரத்தில் கித்தான் தளர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் மழை அறையும் வெளிச்சுவரை விட்டு உட்சுவரில், பின்னால் காற்றோட இடம் வைத்து, குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். சுவரிலேயே நேராக எழுதிவிடாமல் சட்டத்தில் அமைத்துக் கொக்கியில் தொங்கவிடுங்கள். பிள்ளை வேண்டாமென்று சொல்லும் நாளில் மறுபேச்சின்றிக் கழற்றிக் கொடுத்து, அடுத்து என்ன மாட்டுவது என்பதை அதனிடமே கேளுங்கள்.