விறகு வைக்கிறது யார்?



கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது எல்லாரிடமும் அக்கினி இருக்கிறது. ஞாயிறு ராத்திரி கண்ணீரோடே தீர்மானம் எடுக்கிறோம். செவ்வாய்க்கிழமை நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் காய் வாங்கும்போது பார்த்தால் பாதி அவிந்துபோயிருக்கும். ஒரு தம்பி அரியர் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கி நாலாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டான். தையல் மெஷின் வாங்கின ஒரு சகோதரி அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "மனசு வரல பாஸ்டர். கர்த்தர் மறுபடியும் ஏவட்டும்" என்கிறார்கள்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். பலிபீடத்தின்மேல் அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டு வந்தது (லேவி. 9:24). அது மனுஷன் மூட்டினதல்ல. ஆனால் அது அவியாமல் இருக்க, ஆசாரியன் காலைதோறும் விறகு போடவேண்டும் என்று கட்டளை இருக்கிறது (லேவி. 6:12). அக்கினி அவருடையது, விறகு நம்முடையது. வனாந்தரத்தில் விறகு சும்மா கிடைக்குமா? யாரோ ஒருவன் வெயிலில் அலைந்து பொறுக்கிச் சுமந்து வந்திருப்பான். அவன் பெயர்கூட வேதத்தில் இல்லை.

இதை நம்முடைய கரையிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். காரைக்கால் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், பொறையாறுக்கு முன்னால் தரங்கம்பாடி வரும். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், பலவீனமான சரீரம். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தார்? ஒரு வயதான வாத்தியாரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடே தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அச்சுக்கூடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அவருடைய கால அட்டவணைதான் பெரிதாய்த் தெரிகிறது. காலை 7 முதல் 8 வரை, முன்பு படித்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்லுவார். 8 முதல் 12 வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்கள். பக்கத்தில் ஒரு வயதான புலவர் பொருள் சொல்ல, ஒரு எழுத்தர் புதுச் சொற்களைக் குறிப்பார். சாப்பிடும்போதும் ஒருவர் வாசிப்பார். 3 முதல் 5 வரை மறுபடியும் வாசிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண் வலிக்காதபடி வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். அந்த அட்டவணையில் "மனசு வந்தால்" என்று எங்காவது இருக்கிறதா?

1708-ல் அங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தான். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711-ல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715-ல் அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து, 1719-ல் 36 வயதில் மரித்தார். மீதியை சூல்ச் என்பவர் முடித்தார்.

நம்ம பெரியவர்களுக்கு இது புதுசல்ல. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அது ஓடின நாளில் சங்கு ஊதினால் கால் தானாய் நடக்கும். மனசு வந்ததா என்று அந்தச் சங்கு யாரையும் கேட்டதில்லை. வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரமானால் கை ஓடும்; கை ஓடினால் மனசு பின்னாலே வரும். நாம் இதைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு, மனசுக்காகத் திண்ணையில் காத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெகேமியா நாளில் விறகு கொண்டுவருகிற முறையைக் குடும்பம் குடும்பமாய்ச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள் (நெகே. 10:34). ஒரே ஆளால் முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் சாராயக்கடைக்குப் பஞ்சமில்லை. குடியை விட்டுவிட்ட சகோதரனுக்குச் சாயங்காலம் 6 மணிதான் சோதனை. ஞாயிற்றுக்கிழமை எடுத்த தீர்மானம் மட்டும் அந்த நேரத்தில் அவனைப் பிடித்து நிறுத்தாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கை நடுக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மருந்தும் விறகுதான்.

ஆகவே தினமும் சாயங்காலம் 6 முதல் 8 வரை சபைக் கதவு திறந்திருக்கும். பாய் விரித்திருக்கும். மூப்பர்கள் முறை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஜெபிக்க வாய் வராவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள். படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து வரலாம். டீ உண்டு.