ஒத்திவைத்த இடமும் கொடுத்த வாக்கும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்தவர், சேர்வதற்கு முன் வேறோர் ஆய்வு வாய்ப்பு வந்தால், சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்கும்படி துறையிடம் கேட்பதுண்டு. ஃபுல்பிரைட் உதவித்தொகை, வெளிநாட்டு ஆய்வகத்தில் ஓராண்டு வேலை, களப்பணிக் குழுவில் இடம் ஆகியவை வழக்கமான காரணங்கள். துறை இசையலாம், மறுக்கலாம். இடத்தை வைத்துக்கொண்டு பண உதவிக்கு மட்டும் உறுதி தராமலும் விடலாம். நடைமுறை இவ்வளவுதான். ஆனால் இதற்குள் பழைய தத்துவக் கேள்விகள் இரண்டு கிடக்கின்றன. கொடுத்த வாக்கை மாற்றித் தரக் கேட்பது எப்போது முறையாகும்? ஓராண்டுக்குப் பின் தான் என்ன விரும்புவேன் என்று அறியாதவர் இன்றைக்கே வாக்குக் கொடுக்க முடியுமா?

முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்குவதில்லை என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் பொதுத் தீர்மானம் ஒன்றில் ஒப்புக்கொண்டுள்ளன. அதுவரை மாணவர் யாருக்கும் எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை. சம்மதம் தெரிவித்த பிறகு நிலைமை வேறு. அந்தச் சொல்லை நம்பி நெறியாளர் தம் மானியத்தில் ஒரு மாணவருக்கான பணத்தை ஒதுக்குகிறார். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு ‘இடமில்லை’ என்று கடிதம் போகிறது. வாக்குத் தவறுவதன் குற்றம், பிறர் மனத்தில் தெரிந்தே எழுப்பிய எதிர்பார்ப்பைக் கைவிடுவதில் இருக்கிறது என்பது 1998-இல் தத்துவவாதி டி. எம். ஸ்கேன்லன் முன்வைத்த விளக்கம். அப்படியானால் ஒத்திவைக்கக் கேட்பதே தவறாகாது. வாக்கைப் பெற்றவருக்கு அதிலிருந்து விடுவிக்கும் உரிமையும் உண்டு. அந்தக் கோரிக்கையின் எடை கூடுவதும் குறைவதும் கேட்கும் காலத்தைப் பொறுத்தது. ஏப்ரலில் கேட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைக்கலாம். ஆகஸ்டில் அதே வாசகத்தை எழுதினால், அடுத்தவர் அதற்குள் வேறு ஊரில் வீடு பார்த்திருப்பார்.

இங்கே கான்ட்டையும் நினைக்க வேண்டும். திருப்பித் தர எண்ணமில்லாமலே ‘தருகிறேன்’ என்று கடன் வாங்குபவரை அவர் 1785-இல் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டு, பாதுகாப்புக்காக இந்த இடத்தைப் பிடித்து வைப்பவரும் அதே வகைதான். மனத்தில் ஐயம் இருப்பது குற்றமில்லை, அதை மறைத்துக் கேட்பதுதான் குற்றம்.

இரண்டாவது கேள்வி கடினமானது. 1831-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்த 22 வயது சார்லஸ் டார்வின் அடுத்துச் செல்லவிருந்தது திருச்சபைப் பணிக்கு. ஆகஸ்ட் இறுதியில் ஆசிரியர் ஹென்ஸ்லோவிடமிருந்து கடிதம் வந்தது: பீகிள் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் போகலாம். தந்தை மறுத்தார், பின்னாளில் பாதிரியாராகப் போகிறவருக்கு இது பேர் கெடுக்கும் என்பது அவருடைய ஆட்சேபங்களில் ஒன்று. டார்வினும் முதலில் வரவில்லை என்றே பதில் எழுதினார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் அந்த ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியபோது, இயற்கை ஆய்வு திருச்சபையாளருக்குப் பொருத்தமானதே என்றார். தந்தை இறங்கி வந்தார். 2 ஆண்டுப் பயணம் என்பது திட்டம். 1831 டிசம்பர் 27-இல் கிளம்பிய கப்பல் 1836 அக்டோபர் 2-இல்தான் திரும்பியது. திருச்சபைத் திட்டத்தை டார்வின் முறைப்படி கைவிடவே இல்லை, அது தானாக உதிர்ந்துபோயிற்று. மாமன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அவர் பரிந்து பேசிய அந்த வருங்காலப் பாதிரியார் மட்டும் ஊர் திரும்பவில்லை.

தத்துவவாதி எல். ஏ. பால் 2014-இல் வெளியிட்ட நூல் இத்தகைய தேர்வுகளைப் பற்றியது. சில அனுபவங்கள் ஒருவருடைய விருப்பங்களையே மாற்றிவிடும். அவற்றை இன்றைய விருப்பங்களால் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அவர் வாதம். நல்ல ஆய்வு ஆண்டு என்பது பெரும்பாலும் அந்த வகைதான். துறையே மாறிப்போகலாம், ஆய்வே வேண்டாம் என்றும் தோன்றலாம். இன்னொரு தத்துவவாதியான டெரெக் பார்ஃபிட் 1984-இல் கற்பனை செய்த ரஷ்யப் பிரபு இதை முன்கூட்டியே அஞ்சியவர். பிற்காலத்தில் தாம் மனம் மாறிக் கெஞ்சினாலும், நிலத்தை உழவர்களுக்குத் தரும் பத்திரத்தை ரத்து செய்ய இசையக் கூடாது என்று மனைவியிடம் இளமையிலேயே சத்தியம் வாங்கிக்கொள்கிறார். மாணவருக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. பயணத்திலிருந்து திரும்புகிறவர் கிளம்பியவரைவிட அதிகம் அறிந்தவர். அவர் வாயை முன்பே கட்டிப்போடுவதில் நியாயமில்லை.

ஆகவே ஒத்திவைப்பவர் நேர்மையாகத் தரக்கூடிய வாக்கு சிறியது: போகும் காரணம், திரும்பும் காலம், சேர்வதா இல்லையா என்பதைத் தெரிவிக்கும் தேதி. அந்தத் தேதி, துறை வேறொருவரைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கும்போதே வர வேண்டும். திரும்பி வரும்போதும் இதே ஆசை இருக்கும் என்ற உறுதியைத் துறை கேட்கக் கூடாது, மாணவரும் தரக் கூடாது.