நீங்க போங்கண்ணே!

புதுச்சேரியின் பழைய நகரத்தை மேலிருந்து பார்த்தால் பேரேட்டில் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். சிக்னல் இல்லாத ஏதாவது ஒரு தெருமுனையில் காலை வேளையில் நின்று பாருங்கள். இரண்டு ஸ்கூட்டர்கள் ஒன்றாக வரும். இரண்டும் நிற்கும். இரண்டும் கிளம்பும். சடாரென்று மறுபடி நிற்கும். ‘நீங்க போங்கண்ணே’, ‘பரவால்ல, நீங்க போங்க.’ மரியாதையாலேயே ஒரு டிராஃபிக் ஜாம்!

இதே சிக்கல் கம்ப்யூட்டர்களுக்கும் இருந்தது. 1973-ல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து ஒரே கம்பியில் பல கம்ப்யூட்டர்களைப் பேசவைக்க முயன்றார்கள். அதுதான் ஈதர்நெட். பேசுமுன் காது கொடு. யாரும் பேசவில்லையென்றால் பேசு. அப்படியும் இரண்டு பேர் பேச்சு மோதிவிட்டால், மோதியது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கூச்சல் போட்டுவிட்டு இரண்டு பேரும் வாயை மூடு. எவ்வளவு நேரம்? ஒரே அளவு காத்திருந்தால் திரும்பவும் மோதுவார்கள். அதனால் ஆளுக்கொரு குலுக்கல் சீட்டு. முதலாளியின் கம்ப்யூட்டரா, குமாஸ்தாவுடையதா என்றெல்லாம் சீட்டு பார்க்காது. நம்ம ஊர் பஸ்காரர்கள் கவனிக்க!

முதல் மோதலில் 0, 1 என்று இரண்டு சீட்டுகள். அடுத்ததில் நான்கு, அப்புறம் எட்டு. இப்படி 1,024 வரை போகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் அந்தச் செய்தியைக் கைவிட வேண்டியதுதான்.

நியாயமாகத்தானே இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன். பி.காம். புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தது. முதல் மோதலில் ஜெயித்தவன் அடுத்த செய்திக்குக் கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கிறான். தோற்றவனுக்குப் பழைய தோல்வி கணக்கிலேயே நிற்கிறது. மறுபடி மோதினால் ஜெயித்தவனுக்கு இரண்டே சீட்டு, தோற்றவனுக்கு நான்கு. எட்டு வாய்ப்பில் ஐந்து, ஏற்கெனவே ஜெயித்தவனுக்கு. தோற்றவனுக்கு ஒன்று. மீதி இரண்டில் திரும்பவும் மோதல். பேசியவனே பேசிக்கொண்டிருப்பான், ஒதுங்கியவன் இன்னும் ஒதுங்குவான். இன்ஜினீயர்களுக்கும் இந்தக் கோளாறு தெரியும். பிற்பாடு ஸ்விட்ச் வந்து, ஆளுக்கொரு தனி வழி கிடைத்ததும் மோதலே இல்லாமல் போய்விட்டது.

வீடுகளுக்கு ஸ்விட்ச் இல்லை. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் அக்காவை வளர்த்தார்கள். அப்பா போன பிறகு சொத்துப் பேச்சு வந்த அன்று, கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அக்கா மூன்று முறை வாயெடுத்தாள். மூன்று முறையும் அவள்தான் நிறுத்தினாள். ஒரு தடவை அவள் பேச்சில் குறுக்கே விழுந்தது நான். அப்புறம் காபி போட உள்ளே போய்விட்டாள். அடுத்து அவளைக் கூப்பிட்டது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட.

போன மாதம் கேட்டேன். ‘அன்னிக்கு என்னக்கா சொல்ல வந்தே?’

‘அதெல்லாம் இப்ப எதுக்குடா’ என்றாள். ‘காபி ஆறுது, குடி.’