முகமூடியும் முகமும்

அடிமைப்படுத்தியவனின் கல்வியைக் கற்று, அவனுடைய அலுவலகத்திலேயே அமர்ந்து, அவனை வெல்ல இயலுமா? வென்றாலும், வெல்லப் புறப்பட்டவர் அதே மனிதராக எஞ்சுவாரா? அமெரிக்க எழுத்தாளர் சேத் டிக்கின்சன் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'துரோகி பாரு கார்மரன்ட்' என்னும் கற்பனைப் புதினம் இவ்வினாவையே ஆராய்கிறது. அதில் வரும் நாடுகள் கற்பனை. ஆனால் அவற்றின் துயரம் நாம் அறியாததன்று.

டாரனோக் என்னும் தீவில் பாரு பிறக்கிறாள். அவளுக்குத் தாய் ஒருத்தி, தந்தையர் இருவர். அத்தீவில் அஃது இயல்பான குடும்பமே. முகமூடிப் பேரரசு அங்கே வணிகத்தோடும் காகிதப் பணத்தோடும் நுழைகிறது. ஒப்பந்தம், கொள்ளைநோய், பள்ளிக்கூடம் ஆகியன பின்தொடர்கின்றன. தீவின் பெயரும் மாற்றப்படுகிறது. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவது குற்றம் என்பது பாடமாகிறது. தந்தையருள் ஒருவர் காணாமற்போகிறார். பாருவோ பெண்ணை நேசிக்கும் இயல்பினள். அதனை மறைத்துக்கொண்டு, பேரரசின் உச்சியை எட்டித் தன் மண்ணை மீட்பதென உறுதி பூணுகிறாள். கணிதத்தில் வல்ல அவளை ஆர்ட்வின் என்னும் நாட்டிற்குத் தலைமைக் கணக்கராகப் பேரரசு அனுப்புகிறது.

கணக்கர் என்றதும் நம் முன்னோர் நினைவுக்கு வருகின்றனர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் பேரேடும் பயின்று, ரயிலேறி, ஆங்கிலேய ஆட்சியின் அலுவலகங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிற் பலர். அவர்களைப் பழித்தல் நம் நோக்கமன்று. அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் தங்கையர் திருமணமும் தம்பியர் படிப்பும் நடந்தேறின. ஆயினும், ஆள்பவனின் பேரேட்டைப் பிழையின்றி எழுதிய கைகள் அவனுடைய அளவுகோலையும் அறியாமலே வீட்டிற்குக் கொண்டுவந்திருக்கலாம் அன்றோ?

அத்தகைய அளவுகோல்களுள் ஒன்று, 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. இயற்கைக்கு மாறானது என்று கூறித் தன்பாலினச் சேர்க்கையை அது குற்றமாக்கிற்று. இங்கிலாந்து 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாமோ விடுதலைக்குப் பின்னும் அதனைப் போற்றிக் காத்தோம். 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்த, 2013இல் உச்சநீதிமன்றம் மீண்டும் அதனை நிலைநிறுத்தியது. மனமொத்த வயதுவந்தோர் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என அதே நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்நியர் எழுதிய வரி நம் நாட்டில் ஆண்ட காலம் 156 ஆண்டுகள்! இதனால், அவர் வருமுன் நம்மிடம் குறையே இருந்ததில்லை என்று கூறி நாம் தப்பிவிடவும் இயலாது. வந்த சட்டத்தை நம் பண்பாடென்றே எண்ணிக் காத்தவர்கள் நாமே.

இத்தகைய சட்டம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் புதினம் நுட்பமாகக் காட்டுகிறது. ஒருவரைத் தண்டிப்பது மட்டுமே அதன் வேலையன்று. அன்பைக் குற்றமாக்கினால் அன்பு கொண்டவரிடம் ஒரு மறைபொருள் உண்டாகிறது. அம்மறைபொருளை அறிந்தவன் கையில் கடிவாளம் கிடைத்துவிடுகிறது. பாருவையும் பேரரசு அவ்வாறே பிடிக்க முயல்கிறது. தன்னை நம்பிக் கிளர்ச்சியில் சேர்ந்தோரை அவள் காட்டிக்கொடுக்கிறாள். காதலியைப் பணயமாக வைத்துப் பேரரசு தன்னை ஆட்டிப்படைக்காதிருக்க, அக்காதலியின் மரணத்திற்கும் தானே துணைபோகிறாள். அவள் கணக்கு பிழைபடவில்லை. ஆனால் அதில் செலவாக எழுதப்பட்டவை பிறருடைய உயிர்கள். தீமையை உள்ளிருந்து வெல்ல விழைவோர், அதற்கான விலையை யார் செலுத்துகிறார் என்று நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இதுவே நாம் இந்நூலிற் பெறும் பாடம்.

பேரரசுகள் போயின, சட்டமும் மாறிற்று. எனினும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இரவு உணவின்போது நம் எதிரே முகமூடி அணிந்து அமர்ந்திருக்கக்கூடும். திருமணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் தலைகுனிந்து எழுந்து போகும் அப்பிள்ளையை நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் காத்துவிடாது. ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சத்தில், நாம் கையில் பற்றியிருப்பது யாருடைய அளவுகோல் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அதனைக் கீழே வைத்துவிட்டு, "சொல், கேட்கிறோம்" என்று அமர்வோமாயின், அவ்வீட்டில் முகமூடிக்குத் தேவையே இராது.